பதினாலாவது வரி

ஷீட் அக்காவுக்குச் சூடு தெரியாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

முதலில் அதைக் கண்டுபிடித்தவள் மாமியார்தான். அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே எடுத்து இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போட்ட மருமகளைப் பார்த்து, "அடியே, அது கொதிக்குதுடி! நாக்கா அது, இல்ல செருப்பா?" என்று கத்தினாள். மருமகள் விரலால் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். வெந்திருந்தது. வலி இல்லை. "ஆறிப்போச்சுன்னு நெனச்சேன் அத்தை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க இறங்கினாள்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவளுடைய கணவர் ஒரே ஒரு பெட்டியோடு வீட்டை விட்டுப் போயிருந்தார். சண்டை இல்லை. குடி இல்லை. வேறு பெண் இல்லை. இருபத்து நான்கு வருடம் கூடவே இருந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்கு இங்க மூச்சு முட்டுது. ஏன்னு நீ கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல. அதனால கேக்காத" என்றார்.

அவள் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மாடியும் அவருடைய பெட்டி படிக்கட்டில் இடித்துக்கொண்டே இறங்கிய சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அழுவதற்குக் கூட ஒரு துணை வேண்டும் போலிருக்கிறது; அவளுக்கு அழுகை வரவில்லை. கண் வறண்டு கிடந்தது. அன்றைக்கு சாயங்காலம் துணி துவைத்தாள்.

அவர் நகரத்துக் குடிநீர்த் துறையில் ஆபரேட்டர். ஊருக்கு வெளியே ஆற்றோரம் இருக்கிற பெரிய பம்ப் ஹவுஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே கொடுத்த ஒற்றை அறையில் தங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய அம்மா மட்டும் மருமகளோடேயே இருந்துவிட்டாள். "அவன் போனா போறான். இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் வேற எந்தப் படி ஏறுவேன்?" என்று காரணம் சொன்னாள். உண்மையான காரணம் என்ன என்று அவளையும் யாரும் கேட்கவில்லை.

மருமகள் வேலை பார்த்தது ஜெனரேட்டர் விற்கும் ஒரு கம்பெனியில். வருகிற வாடிக்கையாளரிடம் என்னென்ன மோட்டார், எத்தனை விளக்கு என்று விவரம் வாங்கி, எந்த அளவு ஜெனரேட்டர் போதும் என்று கணக்குப் போட்டு, ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்கு ஷீட் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜெனரேட்டரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. ஷீட் அக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அந்தத் தாளில் இருபது வரிகள் உண்டு. பதினாலாவது வரியை அவள்தான் சேர்த்தாள். "இயக்குபவரிடம் நேரில் கேட்டாயிற்றா?" என்பது அந்த வரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காரர் கொடுத்த காகிதத்தை நம்பிக் கணக்குப் போட்டாள். காகிதத்தில் இருந்தது மூன்று மோட்டார். கொட்டகையில் ஓடியது ஐந்து. முதலாளிக்கே தெரியாது, சுவிட்சைப் போடுகிறவனுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எந்த இடமானாலும் சுவிட்சைப் போடுகிற ஆளைத் தேடிப் பிடித்து, "காகிதத்தை விடுங்க அண்ணே, நிஜமா எத்தனை ஓட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வரியில் டிக் போடுவாள்.

விற்பனைக்காரருக்கு இந்த வரியைக் கண்டால் ஆகாது. அவருக்குக் கம்பெனியில் மைக் என்று பெயர். அவர் பேச்சுக்கு வேறு பெயர் பொருந்தாது. டிரைவ் வைத்த மோட்டார் என்றால் இருவருக்கும் தினமும் வாக்குவாதம்தான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக நடுவில் வைக்கும் மின்னணுப் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். அது இருந்தால் மோட்டார் கிளம்பும்போது தடாலென்று கரண்டை இழுக்காது. மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். ஆகவே சின்ன ஜெனரேட்டரே போதும் என்பது மைக்கின் கட்சி.

"அக்கா, மோட்டார் பூனை மாதிரி கிளம்புது. நீங்க யானைக்குக் கொட்டில் கட்டச் சொல்றீங்க!"

"பூனை மாதிரிதான் கிளம்பும். குடிக்கிற விதம்தான் சரியில்ல."

"கரண்டைக் குடிக்கிறதுல என்னக்கா விதம்?"

"ஹீட்டர் ஒரே சீரா உறிஞ்சும். டிரைவ் அப்படி இல்ல. ஒவ்வொரு அலையோட உச்சியிலயும் வாயை வச்சு மடக் மடக்குன்னு விழுங்கும். ஊர் லைன் பெருசு, அதைத் தாங்கும். ஜெனரேட்டர் சின்னக் குடும்பம். ஒருத்தர் அப்படிச் சாப்பிட்டா எல்லார் தட்டும் ஆடும். அலை கோணலாப் போயிடும். அப்புறம் டிரைவே பயந்து நின்னுடும்."

"அதனால?"

"அதனால எஞ்சினுக்குப் பின்னாடி கரண்டை உண்டாக்குற ஆல்டர்னேட்டர் ரெண்டு மடங்கு வேணும்."

"எங்க வீட்லயும் எல்லாம் ரெண்டு மடங்குதான் கேக்குறாங்க" என்று மைக் தலையில் அடித்துக்கொண்டு போவார். முன்பெல்லாம் அவள் இதற்குச் சிரிப்பாள். இந்தப் பதினோரு மாதமாக, சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

அப்படிப்பட்டவள் மேஜைக்குத்தான் பம்ப் ஹவுஸ் காகிதம் வந்தது.

ஆற்றோரப் பம்ப் ஹவுஸ். நூற்றுப்பத்து கிலோவாட் மோட்டார் மூன்று, மூன்றுக்கும் டிரைவ். அங்கே கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரை மாற்றப் போகிறார்கள். ஒன்பது நாள் கரண்ட் இருக்காது. அந்த ஒன்பது நாளும் ஊருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியது புது ஜெனரேட்டர். துறை அனுப்பிய காகிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது: இரண்டு ஓடும், ஒன்று ஓய்வில் இருக்கும்.

இரண்டு மோட்டாருக்கு டிரைவோடு சேர்த்து, ஜெனரேட்டர் அளவில் இருநூற்றைம்பது கேவிஏ. இரண்டு மடங்கு, ஐந்நூறு. கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது. பேனா பதினாலாவது வரிக்கு வந்தது.

காகிதத்தின் கீழே ஆபரேட்டர் அறையின் தொலைபேசி எண் இருந்தது. அவள் ரிசீவரை எடுத்தாள். மூன்று எண் அழுத்தினாள். எடுக்கப்போகிற குரல் எப்படி "ஹலோ" சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, "லோ" என்று சொல்லும். கேக்காத என்று சொன்ன குரல். ரிசீவரைத் திரும்ப வைத்தாள். அவளுக்குள் ஒன்றுமே ஆகவில்லை. பதினாலாவது வரியில் ஒரு டிக் போட்டாள். தாளை மைக்கிடம் கொடுத்தாள்.

"என்னக்கா, இவ்வளவு சீக்கிரம்? சண்டை கூட போடலையே!" என்றார் மைக்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அந்த டிக்.

கரண்ட் நிறுத்தத்துக்கு மூன்று வாரம் முன்பாக ஜெனரேட்டர் பம்ப் ஹவுஸில் இறங்கியது. சோதித்து ஒப்படைக்கும் நாளில் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவர் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். காலையில் கம்பெனி வண்டியில் மைக்கோடு போனாள். துறை அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் கதவருகே கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லை. அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள். பார்த்ததைக் குறித்துக்கொண்டது போல இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பினார்கள்.

மைக்குக்கு இது எதுவும் தெரியாது. அவள் ஆபீஸில் வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

சோதனைக்கு ஹீட்டர் பெட்டி கொண்டு வந்திருந்தார்கள். லாரி மாதிரி பெரிய பெட்டி, உள்ளே கம்பிகள் சிவக்கச் சிவக்கச் சூடாகும். ஜெனரேட்டரின் முழு பலத்தையும் அதில் இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். ஓட்டினார்கள். நானூறு வோல்ட், மீட்டர் ஊசி அசையவில்லை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. மைக் கையைத் தட்டினார். "சார், குழந்தை மாதிரி தூங்குது பாருங்க! அக்கா, கையெழுத்து."

துறை அதிகாரி பேனாவைத் திறந்தார். அவளும் திறந்தாள். ஒப்படைப்புத் தாளில் டிரைவ் பெட்டிகளின் தொடர் எண் எழுத வேண்டியிருந்தது. எழுதிக்கொள்ள உள்ளே போனாள்.

மூன்று டிரைவும் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் சின்னத் திரையிலும் அது இதுவரை ஓடிய மணி நேரம் தெரிந்தது. ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். ஏழாயிரத்து எழுநூற்றைம்பது. ஏழாயிரத்து அறுநூற்று இருபது.

அவள் தொடர் எண்ணை எழுதினாள். அடுத்ததையும் எழுதினாள். மூன்றாவதை எழுதும்போது கை நின்றது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. மனசு மரத்துப் போனாலும் கணக்கு மரத்துப் போகவில்லை. டிரைவ் வைத்துப் பதினாலு மாதம். மணிக்கணக்கில் பத்தாயிரத்துச் சொச்சம். எந்த நேரமும் இரண்டு மோட்டார்தான் ஓடுகிறது என்றால், மூன்று திரையையும் கூட்டினால் இருபதாயிரத்து நானூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. கூட்டினால் இருபத்து மூவாயிரத்து இருநூற்று எழுபது வந்தது.

மிச்சம் இரண்டாயிரத்து எண்ணூறு மணி நேரம். நாளைக்கு ஆறரை மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்றும் சேர்ந்து ஓடியிருக்கின்றன.

கதவருகே நின்ற மனிதரிடம் போனாள். பதினோரு மாதத்தில் முதல் பேச்சு.

"எத்தனை ஓடுது?"

அவர் துணியில் விரல்களைத் துடைத்தார். "விடிகாலை நாலரையிலிருந்து எட்டு வரைக்கும் மூணு. சாயங்காலம் நாலுலருந்து ஏழரை வரைக்கும் மூணு. மத்த நேரம் ரெண்டு."

"காகிதத்துல ரெண்டுன்னுதான் இருக்கு."

"அந்தக் கணக்கு கட்டடம் கட்டினப்ப எழுதினது."

"மூணாவது எதுக்கு?"

"மேட்டுத் தெருக்களுக்கு. ரெண்டு போட்டா ஒண்ணாவது மாடியோட நின்னுடும். மேல ஏறாது."

அவளுடைய வீடு மேட்டுத் தெருவில், மூன்றாவது மாடியில் இருந்தது. தினமும் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். மாமியார் வாளியைத் தட்டி எழுப்புவாள். அவள் ஓய்வு என்று எழுதிய மோட்டார்தான் தினமும் அவள் வாளியை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

கதையாக இருந்தால், இந்த இடத்தில் அவள் மனதில் ஒரு ஆசை எட்டிப் பார்த்திருக்கும். எனக்காகத்தான் மூன்றாவதைப் போடுகிறாரோ என்று. அவள் முகத்தில் அப்படி ஏதோ இருப்பதாக அவர் நினைத்தாரோ என்னவோ, "நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் போட்டுட்டிருந்தாங்க" என்றார்.

"சரி" என்றாள். "ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

அவள் வெளியே வந்தாள். மைக் ஒப்படைப்புத் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். "ஹீட்டர் பெட்டியைக் கழட்டுங்க. மூணு டிரைவையும் இதுல ஓட்டிப் பார்க்கணும்" என்றாள்.

"மூணா? ஷீட்ல ரெண்டுதானே அக்கா?"

"ஷீட் தப்பு."

மைக்கின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கம்பெனி சரித்திரத்தில் அதுவும் முதல் தடவை.

கேபிளை மாற்றி இணைக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆபரேட்டர் முதல் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் குழாய்க்குள் உறுமியது. இரண்டாவதைப் போட்டார். ஊசி லேசாக ஆடி நிலைத்தது. துறை அதிகாரி, "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். மூன்றாவதைப் போட்டார்.

மோட்டார் பூனை மாதிரிதான் கிளம்பியது. பாதி வேகத்தைத் தாண்டியதும் கூரை விளக்குகள் மூச்சு விடுவது போல மங்கி மங்கிப் பிரகாசித்தன. ஆல்டர்னேட்டரிலிருந்து பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஊசி முந்நூற்று எண்பதுக்கும் நானூற்றிருபதுக்கும் இடையே ஓடியது. பிறகு டக், டக், டக் என்று மூன்று டிரைவும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி, குழாய்க் கதவுகளில் தொம் என்று மோதியது. தரை அதிர்ந்தது.

எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு பலம் இருந்தது. அது கொடுத்த கரண்டுக்குத்தான் வடிவம் இல்லை. அவளுக்கு அந்த எஞ்சினைத் தெரியும் போலிருந்தது.

துறை அதிகாரி எழுந்துவிட்டார். "இதை வச்சு நான் ஒன்பது நாள் ஊருக்குத் தண்ணி விடணுமா? மேட்டுத் தெருவில ஒரு ஆஸ்பத்திரி இருக்கும்மா! யார் பொறுப்பு இதுக்கு?"

மைக் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைக் கையைக் காட்டி ஓரமாக அழைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பதறாதீங்க. பதினாலாவது வரில டிக் இருக்குல்ல? ஆபரேட்டர்கிட்ட கேட்டோம், ரெண்டுன்னு சொன்னான்னு எழுதிடுவோம். தப்புத் தகவல் கொடுத்தது அவன். கம்பெனிக்கும் சேதாரம் இல்ல, உங்களுக்கும் இல்ல."

"அவருக்கு?"

"அவனுக்கு என்ன, விளக்கம் கேப்பாங்க. வேலை போனாலும் போகும். பாவம்தான். உங்களுக்கு இருபத்திரண்டு வருஷப் பேரு அக்கா. அவன் யாரோ, நீங்க யாரோ."

பத்தடி தள்ளி ஆபரேட்டர் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை. இடித்துக்கொண்டே இறங்கிய பெட்டிக்கு, வெந்துபோன நாக்குக்கு, பதினோரு மாதத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் கொடுத்துவிடலாம். அவள் பொய் கூடப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதியதை அப்படியே விட்டால் போதும்.

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று. இல்லை. பாசம் இருக்கிறதா என்று. அதுவும் கையில் அகப்படவில்லை. இருட்டு அறையில் தடவுகிற மாதிரி தடவியதில் கையில் பட்டது ஒன்றே ஒன்று. கேட்கவில்லை என்பது.

துறை அதிகாரியிடம் போனாள். "சார், பொறுப்பு நான்தான். ஆபரேட்டர்கிட்ட நான் கேக்கல. கேட்டதா எழுதிட்டேன்."

"கேக்காமயே எப்படிம்மா டிக் போட்டீங்க?"

"போட்டுட்டேன் சார்."

ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை. தாளை வாங்கி, பதினாலாவது வரியில் இருந்த டிக்கை அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதி, தேதி போட்டாள். கையெழுத்து எப்போதும் போலத்தான் விழுந்தது.

மறுநாள் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனிக்கு அவள் வந்த வருடமே வந்தவர். கத்துவதற்குத் தயாராக இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்த எதுவும் கிடைக்கவில்லை.

"ஒரு போன்தானேம்மா? ஏன் கேக்கல?"

"அந்த ஆபரேட்டர் என் வீட்டுக்காரர் சார்."

"அப்ப கேக்கறதுக்கு இன்னும் சுலபமாச்சே?"

"பதினோரு மாசமா வீட்ல இல்ல சார்."

மேனேஜர் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். பிறகு அந்தப் பக்கம் வைத்தார். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்ட மைக்குக்கு, தான் முந்தின நாள் அவன் இவன் என்று பேசியது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் மேஜையில் சத்தமில்லாமல் ஒரு டீ வந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளுடைய ஷீட்டுக்கு இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று ஆனது. மேனேஜருடையது. முதல் தாளை நீட்டியபோது அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினாள்.

புது ஷீட் போட்டாள். மூன்று மோட்டார், முந்நூற்று எழுபத்தைந்து. இரண்டு மடங்கு, எழுநூற்றைம்பது. எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. பின்னால் இருக்கிற ஆல்டர்னேட்டரை மட்டும் கழற்றிப் பெரியதாக மாட்டினார்கள். கரண்ட் நிறுத்தத்துக்கு ஐந்து நாள் முன்பு மூன்று டிரைவையும் சேர்த்து ஓட்டினார்கள். ஊசி நின்ற இடத்தில் நின்றது. அன்றைக்கு ஆபரேட்டருக்கு விடுமுறை நாள். வேறு ஒருவர் சுவிட்சைப் போட்டார்.

ஆனால் துறை அதிகாரி சும்மா விடவில்லை. ஒன்பது நாளும் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஜெனரேட்டரின் அளவுகளைக் கம்பெனியே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். "வேற யாரையாவது போடட்டுமா?" என்றார் மேனேஜர், சுவரைப் பார்த்து.

"வேண்டாம் சார். நானே கேக்குறேன்."

முதல் நாள் காலை. குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, மறு கையில் தாளை வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை எல்லா எண்களையும்.

"லோ."

"எத்தனை ஓடுது?"

"மூணு."

"வோல்ட்?"

"நானூத்தி ரெண்டு."

"வேற?"

"சத்தம் இல்ல. சூடு சரியா இருக்கு."

"சரி."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் இருமியது. காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது. மூன்றாவது மாடிக்கு.

இப்படியே ஒன்பது நாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூணு, நானூத்தி ஒண்ணு, சரி. மூணு, நானூத்தி மூணு, சரி. கல்யாணமான புதிதில் கூட அவர்கள் நாளுக்கு இரண்டு தடவை போனில் பேசியதில்லை. மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது நாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி இது, வோல்ட்டு வோல்ட்டுன்னு! சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில முத்து உதிர்ந்துடுமா?"

"படிவத்துல அது இல்ல அத்தை."

"படிவமாம் படிவம். உன் படிவத்தை அடுப்புல வை. ரெண்டும் நல்லா ஜோடி சேர்ந்தீங்க போ. ஒண்ணு கேக்காது, ஒண்ணு சொல்லாது. நடுவுல நான் ஒருத்தி வாளியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." கிழவி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு விசும்பினாள். அந்த வீட்டில் இத்தனை மாதமாக யாரோ அழ வேண்டியிருந்தது. அவள்தான் அழுதாள். மருமகள் தாளில் நானூற்று இரண்டு என்று எழுதிவிட்டு, வாளியை மாற்றி வைத்தாள்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் புது டிரான்ஸ்பார்மரில் கரண்ட் வந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அவள் தாளில் பதினெட்டு வரியும் நிரம்பியிருந்தன. கீழே கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது.

பத்தாவது நாள் காலை ஐந்தரைக்கு வாளியோடு குழாயடியில் நின்றாள். போனைக் கையில் எடுத்து வந்திருந்தாள், பழக்கத்தில். எடுத்து வந்ததைப் பார்த்து, ஜன்னல் கட்டையில் வைத்தாள். குழாய் இருமியது. தண்ணீர் வந்தது.

போன் அடித்தது.

மாமியார் உள்ளே புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவள் எடுத்தாள்.

"லோ" என்றது குரல்.

அவள் வாளியைக் குழாய்க்கு நேரே தள்ளினாள்.

"கரண்ட் வந்துடுச்சு" என்றார்.

"தெரியும்."

"மூணும் ஓடுது. நானூத்தி அஞ்சு."

"ஜெனரேட்டர் நின்னாச்சே. அதுக்குப் படிவம் இல்ல."

"தெரியும்." பின்னால் பம்புகள் உறுமின. "அன்னைக்கு நீ பேசாம விட்டிருக்கலாம். என்மேல போயிருக்கும்."

"நான் கேக்கல. அதான் சொன்னேன்."

"ம்" என்றார். "நான்தான் கேக்காதன்னு சொன்னேன்."

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வாங்க என்று அவளும் சொல்லவில்லை. வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றி ஓடி, கதவிடுக்கு வரை போயிருந்தது. குழாயை மூடக் குனிந்தாள். மணிக்கட்டு வரை கை தண்ணீருக்குள் போனது.

சட்டென்று கையை உதறிக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் மாமியார் உள்ளேயிருந்து.

"ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். "தண்ணி ஜில்லுனு இருக்கு."